தோனியின் இடது முட்டி

சிஎஸ்கே தக்கவைத்த வீரர்கள் பட்டியல் வந்துருச்சு. ஜடேஜா இல்லை. சாம் கரன் இல்லை. பதிரனாவும் இல்லை. தோனி இருக்கார்.

44 வயசு. இன்னும் ஒரு சீசன்.

அன்னைக்கு ராத்திரியிலிருந்து டைம்லைன்ல ரெண்டு கட்சி. "போதும் தல, மரியாதையா போயிடுங்க"ன்னு ஒண்ணு. "தல இல்லாம என்னய்யா ஐபிஎல்"னு இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி, அதுல ஒளிவு மறைவு கிடையாது. ஆனா இந்த த்ரெட் அந்தச் சண்டையைப் பத்தி இல்லை. ஒரு முழங்காலைப் பத்தி. அந்த முழங்காலைக் காரணம் காட்டி விருதுநகர், சிவகாசிப் பக்கத்திலிருந்து என்கிட்ட வந்து உக்கார்ற பல முழங்கால்களைப் பத்தி.

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கிட்டு வந்து வாசிங்க.

தீபாவளி முடிஞ்சதும் எங்க ஊர்ப்பக்கம் ஒரு இடைவெளி விழும். பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும். சில வாரம் கழிச்சு பூஜை போட்டுத் திறப்பாங்க. அடுத்த தீபாவளிக்கான சரக்கு அன்னைக்கே ஆரம்பம். இந்தப் பக்கம் அச்சகங்கள்ல காலண்டர் சீசன் உச்சத்துல இருக்கும். பட்டாசு லீவுல இருக்கிற இந்த இடைவெளியிலதான் மூட்டு வலிக்காரங்க வருவாங்க. சீசன் நடக்கும்போது வர நேரம் ஏது?

அப்படி வந்தவர்ல ஒருத்தர், லாரி செட்டுல பண்டல் ஏத்துற அண்ணாச்சி. (அடையாளம் தெரியாத மாதிரி சில விஷயங்களை மாத்தித்தான் சொல்றேன்.) வார நாள்ல காலண்டர், டைரி பண்டல். ஞாயித்துக்கிழமை கண்மாய்க்குள்ள டென்னிஸ் பால் மேட்ச். அவரும் கீப்பர்தான். வலது முட்டி வீங்கியிருக்கு. ஓய்வு வேணும்னு சொன்னேன். சிரிச்சார்.

"தோனிக்கும் எனக்கும் ஒரே வயசு சார். அவரே இன்னும் ஆடுறாரு. ஒரு ஊசியைப் போட்டு விடுங்க."

இந்த "அவரே ஆடுறாரு" இருக்கே, இதை இந்த மூணு வருஷத்துல எத்தனை வாயில கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. சரி, அவர் எப்படி ஆடுறார்னு பார்த்துடுவோம்.

2023 ஐபிஎல். தோனிக்கு இடது முழங்கால்ல பிரச்சினைன்னு சீசன் முழுக்கத் தெரியும். மே 14 அன்னைக்கு சேப்பாக்கத்துல கொல்கத்தாகிட்ட தோத்தும், இடது முட்டியில பட்டையைக் கட்டிக்கிட்டு மைதானத்தைச் சுத்தி வந்தாரே, கவாஸ்கர் ஓடி வந்து சட்டையில கையெழுத்து வாங்கினாரே, அந்த நாள் ஞாபகம் இருக்கும். மே 29 அகமதாபாத் இறுதிப் போட்டி. ஜடேஜா பந்துல சுப்மன் கில்லை ஸ்டம்பிங் பண்ணினது அதே முட்டியோடதான். பேட்டிங்ல வந்த முதல் பந்துலயே அவுட். கடைசி ரெண்டு பந்துல ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். நள்ளிரவு தாண்டி அஞ்சாவது கோப்பை. ஜடேஜாவைத் தூக்கினார் மனுஷன், அந்த முட்டியோட. டாக்டரா பார்த்தா பதறும். ரசிகனா நானும் அழுதேன், விடுங்க.

அப்புறம் பேசும்போது அவர் சொன்னதோட சாரம் இதுதான்: நன்றி சொல்லிட்டு இப்பவே போறது சுலபம். ஒன்பது மாசம் உழைச்சு இன்னொரு சீசன் ஆடிப் பார்க்கிறதுதான் கஷ்டம்.

எல்லாருக்கும் "இன்னொரு சீசன்" மட்டும் காதுல விழுந்துச்சு. "ஒன்பது மாசம்" விழல.

ஜூன் 1 அன்னைக்கு மும்பையில கோகிலாபென் மருத்துவமனையில டாக்டர் தின்ஷா பர்திவாலா அந்த முட்டிக்கு நுண்துளை அறுவை சிகிச்சை செய்தார். அடுத்து அவர் ஆடினது 2024 மார்ச் 22. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒன்பது மாசம், மூணு வாரம். அதுவரைக்கும் ஒரு போட்டி கிடையாது. அந்த நாட்கள்ல அந்த முட்டிக்கு மட்டுமே வேலை.

இங்க கொஞ்சம் உடற்கூறு. பயப்படாதீங்க, சுருக்கமா முடிச்சிடுறேன்.

முழங்கால்ல தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் சந்திக்குது. ரெண்டு எலும்பு முனையிலும் வழவழன்னு குருத்தெலும்பு பூசியிருக்கும். நடுவுல ரெண்டு பிறை வடிவ மெத்தை. சுத்தி இழுத்துக் கட்ட தசைநார்கள். நம்ம ஊர்ல இந்த மெத்தைக்கும் தசைநாருக்கும் சேர்த்து ஒரே பேர்தான்: ஜவ்வு. "ஜவ்வு கிழிஞ்சிருச்சு"ன்னு யார் வந்தாலும் எந்த ஜவ்வுன்னு கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பாதி நேரம் போயிடும்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மெத்தைக்கும் வெளி ஓரத்துல மட்டும்தான் உண்டு. ரத்தம் போகாத இடத்துல புண் ஆறாது. கையில வெட்டுப்பட்டா ஒரு வாரத்துல ஆறுதே, முட்டிக்குள்ள ஏன் ஆறலைங்கிறதுக்குக் காரணம் இதுதான்.

சமதரையில நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நம்ம எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு பாரம் மூட்டுல விழும். படி ஏறினா இன்னும் கூடும். குத்துக்கால் போட்டு உக்காந்து எந்திரிச்சா மூட்டுச் சில்லுக்குப் பின்னால விழற அழுத்தம் அதைவிடவும் பல மடங்கு. இந்தப் பாரத்தை வாங்கித் தாங்குறது முன் தொடைத் தசை. அந்தத் தசை வலுவா இருந்தா எலும்பு தப்பிக்கும். தசை இளைச்சா முழுப் பாரமும் எலும்பு மேல. 30 வயசுக்கு மேல தசை தானா இளைக்க ஆரம்பிக்கும், நாம எதுவும் செய்யலைன்னா.

இப்ப கீப்பர் வேலையை நினைச்சுப் பாருங்க. 20 ஓவர்னா 120 பந்து. வைடு, நோபாலை விடுங்க. 120 தடவை குத்துக்கால் போட்டு எந்திரிக்கணும், ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. ஒரு சீசனுக்கு 14 போட்டி வச்சாலும் ஆயிரத்து அறுநூறைத் தாண்டுது. தோனி முட்டியைத் தின்கிறது பேட்டிங் இல்லை, கீப்பிங்.

அப்ப எதைக் குறைச்சார்? இங்கதான் எனக்குப் பிடிச்ச கணக்கு இருக்கு.

2023 சீசன் முழுக்க, 16 போட்டியில, தோனி சந்திச்ச பந்துகள் மொத்தம் 57. அடிச்சது 104 ரன். 2024ல 73 பந்து, 161 ரன். ஒரு சீசனுக்கு 57 பந்து! நம்ம தெரு மேட்ச்ல ஓப்பனிங் இறங்குறவன் ஒரே ஞாயித்துக்கிழமையில ஆடிடுவான்.

2023 மே 10 அன்னைக்கு டெல்லிக்கு எதிரா 9 பந்துல 20 அடிச்சிட்டு அவரே சொன்னார்: என் வேலை இவ்வளவுதான், என்னை நிறைய ஓட விடாதீங்கன்னு டீம்ல சொல்லி வச்சிருக்கேன். 2024 ஏப்ரல் 14 வான்கடேல ஹர்திக் பாண்டியா பந்துல வரிசையா மூணு சிக்ஸர், 4 பந்துல 20. சென்னை ஜெயிச்சதும் சரியா அதே 20 ரன் வித்தியாசத்துல. விசில் போட்டோம். ஆனா பார்க்க வேண்டியது வேற: சிக்ஸர் அடிச்சா ஓட வேண்டியதில்லை.

2024 சீசன் தொடங்குறதுக்கு முந்தின நாள் கேப்டன் பதவியை ருதுராஜ்கிட்ட கொடுத்தாச்சு. 2025 மார்ச் 28 பெங்களூருக்கு எதிரா ஒன்பதாவது ஆளா இறங்கினப்போ ஊரே திட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சு குவாஹாத்தியில ஃபிளெமிங் விளக்கினார்: முட்டி முன்ன மாதிரி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்துல ஓடி ஆட முடியாது, எப்ப இறங்கணும்னு அவரே அளந்து இறங்குறார். திட்டினவங்க அதுக்கும் திட்டினாங்க. எனக்கு மட்டும் பேஷண்ட் ரிப்போர்ட் வாசிச்ச மாதிரி இருந்துச்சு.

ஆக "அவரே ஆடுறாரு"ங்கிறதுக்கு உள்ள அர்த்தம் இது. அறுவை சிகிச்சை, ஒன்பது மாசம் பயிற்சி, கூடவே பிசியோ, முடிஞ்சவரைக்கும் வேலைக் குறைப்பு. வலியைப் பல்லைக் கடிச்சுத் தாங்கினது இதுல ஒரு சின்னப் பங்கு. நாம அந்தச் சின்னப் பங்கை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

2025ல என்னாச்சுன்னும் பார்க்கணும், இல்லைன்னா ரசிகன் எழுதின பதிவாப் போயிடும். ருதுராஜுக்கு முழங்கை எலும்பு முறிஞ்சு, கேப்டன் வேலை திரும்ப இவர் தலையில. அந்த சீசன்ல அவர் சந்திச்ச பந்துகள் 145. முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 100 பந்துக்கு 220 ரன்னுங்கிற வேகம் 135க்கு இறங்குச்சு. சென்னை முதல் தடவையா கடைசி இடம். இதுல அணி ஏலத்துல எடுத்த ஆளுங்க கதை தனி, எல்லாத்தையும் முட்டி மேல போட முடியாது. ஆனா 57, 73, 145ன்னு அந்த மூணு எண்ணை மட்டும் வரிசையா எழுதிப் பாருங்க. பாரம் ஏறியிருக்கு.

சஞ்சு சாம்சன் வந்திருக்கிறதை அதனாலதான் நான் நல்ல சேதியா பார்க்கிறேன். அவரும் கீப்பர். இம்பாக்ட் பிளேயர் விதியும் இருக்கு. அந்த 120 குத்துக்கால்ல கொஞ்சம் குறைஞ்சாலும் லாபம். செய்வாரான்னா, தெரிஞ்ச மனுஷன்தானே, கிளவுஸைக் கழட்ட மனசு வராது.

எல்லாருக்கும் தோனி மாதிரி அமையறதும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள்ல அவங்க ஊர் ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில பிடிச்சு ஓடுற ஆட்டம், பெரிய திருவிழா. பந்தை எறிஞ்சு மொத்த ஆட்டத்தையும் நடத்துறவருக்கு குவார்ட்டர்பேக்னு பேர். சாதாரணமா நாலு சீசன்தான் ஆட முடியும். கோவிட் வருஷத்துக்கு ஒரு சீசன் கூடுதலாக் கொடுத்தாங்க, காயம்பட்டவங்களுக்கும் சலுகை உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்துல கேமரன் ரைசிங்னு ஒரு பையன். 2023 ஜனவரி 2, ரோஸ் பவுல் போட்டியில முட்டி ஜவ்வு போச்சு. 2023 சீசன் முழுக்க வெளியில. 2024ல, கல்லூரியில ஏழாவது வருஷம், "இன்னும் ஒரு சீசன்"னு திரும்பி வந்தார். மூணே போட்டி. முதல்ல கையில அடி, அப்புறம் கால்ல அடி. 2025 மே மாசம் மருத்துவக் காரணத்தால ஆட்டத்தையே விட்டார். முட்டி தாங்குச்சு, வேற இடம் தாங்கல. இருபதுகள்ல இருக்கிற உடம்பு அது, வசதிக்கும் குறையில்லை.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இதுதான் நான் எழுத உக்காந்த விஷயம்.

ஒரு அக்கா. 52 வயசு. சங்கு சக்கரம் சுத்துற வேலை, முப்பது வருஷமா. சிவகாசிக்கு வெளியே ஒரு கிராமம். காலையில கம்பெனி பஸ் வரும், ஏறிப் போவாங்க. தரையில சம்மணம் போட்டு உக்காந்தா மத்தியான சாப்பாட்டுக்குத்தான் எந்திரிக்கிறது. எண்ணிக்கைக்குத்தான் கூலி, எந்திரிச்சு நடந்தா எண்ணிக்கை குறையும். முட்டியை முழுசா மடக்கி மணிக்கணக்கா உக்கார்ற வேலை மூட்டுத் தேய்மானத்தைக் கூட்டும்னு பாடப் புத்தகத்திலேயே இருக்கு. கீப்பராவது எந்திரிச்சுடுவார்.

மூணு வருஷமா அவங்க என்கிட்ட சொல்ற வசனம் ஒண்ணுதான். "இந்த ஒரு சீசன் மட்டும் சார். மக கல்யாணம் முடிஞ்சா வீட்ல உக்காந்துருவேன்." கல்யாணம் முடிஞ்சது. அப்புறம் நகைக்கடன். அப்புறம் மகன் டிப்ளமோ.

இந்தத் தடவை முகம் லேசா வீங்கியிருந்துச்சு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டதும் மணிபர்ஸைத் திறந்து காட்டினாங்க. மருந்துக்கடையில சீட்டு இல்லாம வாங்கின வலி மாத்திரை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டு வருஷமா. ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியாட்டினின் 1.9. முட்டியைப் பார்க்க வந்தவங்களுக்குக் கிட்னி அடிபட்டிருக்கு.

வலி மாத்திரை வலியைத்தான் நிறுத்தும், தேய்மானத்தை நிறுத்தாது. வலிங்கிறது "போதும், எந்திரி"ன்னு மூட்டு சொல்ற சேதி. மாத்திரை போட்டா அந்தச் சேதி வராது, நாம இன்னும் நாலு மணி நேரம் உக்காருவோம். சில நாளைக்கு, டாக்டர் சொல்லி, சாப்பாட்டுக்கு அப்புறம்னா சரி. வருஷக்கணக்கா தினமும் போட்டா வயித்துல புண்ணு, கிட்னியில கோளாறு, பிரஷர் ஏறும். சக்கரை, பிரஷர் ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். மூட்டுக்குள்ள போடற ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான், தேவைப்பட்டவங்களுக்கு எப்பவாவது ஒரு தடவை. மேட்சுக்கு மேட்ச் போடறதுக்கு இல்லை. அண்ணாச்சிக்கு நான் ஊசி போடல. கோவிச்சுக்கிட்டுதான் போனார்.

"தோனிக்குப் பண்ணின மாதிரி ஒரு துளை போட்டு கிளீன் பண்ணி விடுங்க"ன்னும் நிறைய பேர் கேக்கிறாங்க. அடிபட்டுக் கிழிஞ்ச ஜவ்வு வேற, வருஷக்கணக்கில் தேய்ஞ்ச மூட்டு வேற. ரெண்டாவதுக்கு இந்த அறுவை சிகிச்சை பெருசா உதவாது. 2002ல அமெரிக்காவில ஹூஸ்டன் நகர்ல தேய்மானம் உள்ள 180 பேரை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. ஒரு பகுதிப் பேருக்கு தோலை மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பிட்டாங்க, உள்ளே எதுவுமே செய்யல. மத்தவங்களுக்கு நிஜமாவே துளை போட்டுக் கழுவிச் சுத்தம் பண்ணினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா வலியில ரெண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கடன் வாங்கி இதைச் செய்யக் கிளம்புறவங்க ஒரு எலும்பு மருத்துவர்கிட்ட ரெண்டாவது கருத்து கேட்டுக்குங்க.

நிஜமா உதவுறது ரொம்பச் சாதாரணமான விஷயம், அதனாலதான் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. கட்டில்ல காலை நீட்டி உக்காந்து, முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வச்சு, அந்தத் துண்டை முட்டியால அமுக்கி அஞ்சு வரைக்கும் எண்ணி விடணும். பத்துத் தடவை, காலையும் சாயங்காலமும். அப்புறம் நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டிப் பிடிக்கிறது. முன் தொடைத் தசை ஏற ஆறேழு வாரம் ஆகும். முதல் வாரத்துல ஒண்ணும் தெரியாது, அங்கதான் எல்லாரும் விட்டுடுறாங்க.

அடுத்தது எடை. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடியிலும் மூட்டு மேல நாலு கிலோ பாரம் குறையும்னு ஆய்வு சொல்லுது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவையும் சாத்தூர்ச் சேவையும் நான் குறை சொல்லல, நானே சாப்பிடுறவன்தான். தினமும் வேண்டாம்னு மட்டும் சொல்றேன். தசைக்குப் புரதம் வேணும்: முட்டை, பயறு, அவிச்ச கடலை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபி தேவைப்படறவங்களுக்கு வீட்டுக்கே வந்து செய்றாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. ஆலையில பேர் பதிவாகி இஎஸ்ஐ பிடிக்கிறவங்களுக்கு அந்த மருத்துவமனை உங்க காசுதான், போய் உக்காருங்க. விருதுநகர்ல 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. மூட்டு முழுசாத் தேய்ஞ்சு போனவங்களுக்கு மாற்று அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வரும். "வயசான காலத்துல எதுக்கு"ன்னு தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதெல்லாம் அக்காகிட்டயும் சொன்னேன். வலி மாத்திரையை நிறுத்தினோம். பயிற்சியைக் கத்துக்கிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு வந்தப்போ கிரியாட்டினின் 1.5. முழுசா இறங்கல, இறங்குமான்னு இனிதான் பார்க்கணும். இனி சம்மணம் போட்டு உக்கார்ற வேலை கூடாது, பேக்கிங் பக்கம் மாத்திக் கேளுங்க, அங்க மேஜையில வச்சு செய்யலாம்னு சொன்னேன்.

அவங்க கேட்டது ஒரே கேள்வி. "பேக்கிங்ல கூலி கம்மி சார். மாசத்துக்கு எவ்வளவு குறையும்னு தெரியுமா?"

எனக்கு அந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டுல எழுத பதில் கிடையாது. 57 பந்து ஆடினாலும் தோனிக்கு ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இப்பவும் 4 கோடி. குறைச்சு ஆடறதுக்கு அவரைச் சுத்தி ஒரு அணியே திட்டம் போடுது. இவங்க குறைச்சு உக்காந்தா, குறைஞ்ச அன்னைக்கே சம்பளக் கவர்ல தெரிஞ்சிடும்.

சீட்டோட பின்பக்கத்துல ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம். கூலியில குறையறது ஒரு பக்கம். வலி மாத்திரைக்கு மாசாமாசம் போன காசு, வலி தாங்காம வேலைக்குப் போகாத நாள், எனக்குக் கொடுத்த ஃபீஸ், எல்லாம் இன்னொரு பக்கம். நேரா வரல. அப்பவும் கொஞ்சம் துண்டு விழுந்துச்சு. அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "மகன் இந்த வருஷம் படிப்பை முடிச்சிடுவான்"னு அவங்களுக்கே சொல்லிக்கிட்ட மாதிரி சொன்னாங்க.

போன வாரம் ஆலை திறந்து பூஜை போட்டாச்சு. போர்மேன்கிட்ட கேட்டிருக்காங்க. தை மாசம் வரைக்கும் சக்கர வேலையே பார்க்கச் சொல்லியிருக்கார், அதுக்கப்புறம் பேக்கிங்ல இடம் வருதாம். அதுவரைக்கும் மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு, பத்து எண்ணி நின்னுட்டு உக்காரச் சொல்லி அனுப்பியிருக்கேன்.